தேத்தண்ணி வேண்டாம் என்ற மாதங்கள்

6 ஜனவரி 2025
தேதி போட்டு எழுதுகிறேன். எழுபத்தாறு வயதில்! கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் தேவிஸ்ரீ டீச்சர், "தினமும் நாலு வரி எழுதுங்க தாத்தா, கை பழகும்" என்றார். நாலு வரி ஆகிவிட்டது. நிறுத்த மனமில்லை.

குஞ்சம்மா என்று எழுதிப் பார்த்தேன். கட்டிய நாளிலிருந்து மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காகிதத்தில் கூப்பிட்டுவிட்டேன்.

14 ஜனவரி
பொங்கல். ஓர் ஆளுக்கும் பால் பொங்கத்தான் செய்கிறது.

மகன் கவிநேசன் அமெரிக்காவில், பாஸ்டன் பக்கம். மருமகள் பிரசவத்துக்காக அக்டோபரில் அம்மாவைக் கூட்டிப் போனான். நவம்பரில் பேரன் பவன் பிறந்தான். குஞ்சம்மா ஏப்ரலில் வந்துவிடுவாள்.

22 ஜனவரி
அவள் இருக்கும் ஊரைப் பற்றிப் படிக்க ஏதாவது உண்டா என்று கேட்டேன். டீச்சர் அமெரிக்க விடுதலை பற்றிச் சிறுவர் புத்தகம் ஒன்று தந்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை போகிறது. போகட்டும்.

அப்போது அமெரிக்காவை ஆண்ட ராஜா லண்டனில். ஜனங்கள் கடலுக்கு அந்தப் பக்கம். அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் காகிதத்துக்கு வரி, கண்ணாடிக்கு வரி, தேயிலைக்கு வரி. நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டமும் அப்படித்தான். எதைக் கேட்டாலும், "லண்டனில் கேட்க வேண்டும்" என்பார் வெள்ளைக்காரத் துரை.

3 பிப்ரவரி
காலையில் கவிநேசன் போன். "அப்பா, அம்மா டிக்கெட்டைத் தீபாவளிக்கு மாத்திட்டேன். பவன் சின்னப் புள்ளலா. நீங்க கவலப்படாதீங்க, கேட்டரிங்ல சொல்லிட்டேன், ரெண்டு வேளையும் சாப்பாடு வீட்டுக்கே வந்துரும்."

சரிப்பா என்றேன். ஏன் சரி என்றேன்? தீபாவளி எங்கே இருக்கிறது! என்னை ஒரு வார்த்தை கேட்டானா?

4 பிப்ரவரி
பாஸ்டன்காரர்கள் தேயிலைப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து கடலில் கொட்டிய பக்கம் வந்தது. இரண்டு முறை படித்தேன். பெண்கள் வீட்டில் தேத்தண்ணியையே விட்டுவிட்டு, கண்ட இலைகளைக் கொதிக்க வைத்துக் குடித்தார்களாம்.

நானும் விட்டேன். அவள் வந்து போட்டுத் தரும் வரை தேத்தண்ணி கிடையாது. மைலோ சத்துமாவைக் கலக்கிக் குடிக்கிறேன்.

16 பிப்ரவரி
தேத்தண்ணிக் கடையில் கூட்டாளி காந்தன், நான் விட்ட கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து இருமினான். "அமெரிக்காக்காரன் கப்பலையே கலக்குனான். நீ மைலோ குடிக்கிற. ராஜா பயந்துருவாருலா, சுப்பண்ணே!"

"சாப்பாடு நல்லா இருக்குல்ல? ஃப்ரீயா வேற வருது. அப்புறம் என்னா கோவம்?" என்று அவனே கேட்டான்.

நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் ஒன்று படித்தேன். கடைசியில் வந்த அந்தத் தேயிலை முன்பைவிட மலிவாம். மலிவாக வந்ததைத்தான் கொட்டினார்கள். விலை இல்லை காரணம். கேட்கவில்லை என்பதுதான். இதைக் காந்தனிடம் சொன்னேன். அவன் தன் தே தாரிக்கை, நுரை ததும்ப ஆற்றிய பால் தேத்தண்ணியை, என் பக்கம் நகர்த்தினான். நான் தொடவில்லை. வாசனை மட்டும் வந்தது. வீட்டுக்கு வரும் வரை மூக்கிலேயே இருந்தது.

2 மார்ச்
இன்று குஞ்சம்மாவே பேசினாள். கவிநேசன் வெளியே போயிருந்தான். இதுதான் சமயம் என்று கொட்டிவிட்டேன். "நம்மளக் கேக்காம டிக்கெட்ட மாத்திட்டான் பாத்தியா? ராஜா மாதிரி!"

பின்னால் பேரன் சிணுங்கினான்.

"அவன் ஒங்களக் கேக்கல. சரி. அவன் கூப்புட்டப்ப, 'போய்ட்டு வா'ன்னு நீங்கதான பெட்டியக் கட்டுனீங்க. என்னை யாரு கேட்டா?"

புத்தகத்தை வரி வரியாகப் படித்திருந்தேன். என்னைப் பாஸ்டன்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் ராஜா யார், பாஸ்டன் யார்?

கேட்டேன். முதல் முறையாக. "ஒனக்கு என்னா வேணும்? எப்ப வரணும்னு நீ நெனைக்கிற?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

3 மார்ச்
போன் இல்லை.

4 மார்ச்
இல்லை. 'இங்கேயே இருந்துவிடுகிறேன்' என்று அவள் சொன்னால்? கேட்டவன் நான். எந்தப் பதில் வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். தெரியாமல் கேட்டுவிட்டேனோ?

5 மார்ச்
"மே மாசம் பவனுக்கு மொத சோறு. அத என் கையால ஊட்டிட்டு வர்றேன். கவிநேசன்கிட்டயும் சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடியும் இல்ல, தீபாவளியும் இல்ல."

நான் எதிர்பார்த்த ஏப்ரல் இல்லை. அவன் போட்ட தீபாவளியும் இல்லை. அவள் தேதி. குரல் புதிதாக இருந்தது. கலியாணம் பேசப் போன அன்று உள்ளறையில் கேட்ட குரல் போல.

மேலும் ரெண்டு மூணு மாதம் மைலோ.

20 ஏப்ரல்
அந்த விடுதலைப் போரில் முதல் துப்பாக்கி வெடித்த ஊர் அவர்கள் வீட்டுக்குப் பக்கமாம். நேற்று அதற்கு இருநூற்றைம்பது வருடம். அதை நடித்துக் காட்டுவதை விடிகாலைக் குளிரில் பார்க்கக் குஞ்சம்மா போயிருக்கிறாள். "செவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு ஆளுங்க சும்மா சுடுறாங்க, செத்து விழுந்து எந்திரிக்கிறாங்க. எதுக்குன்னே தெரியல" என்றாள்.

எனக்குத் தெரியும் என்றேன். வந்ததும் படித்துக் காட்டுகிறேன் என்றேன்.

"நீங்களா? படிச்சா?"

நெடுநேரம் சிரித்தாள். போனை வைத்த பிறகும் காதில் இருந்தது.

25 மே
விடிந்துவிட்டது. மேசையில் தேத்தண்ணி. சீனி கம்மி, எப்போதும் போல. "ஆறிப் போவுது, அப்புறம் எழுதுங்க" என்கிறாள்.