காலை ஆறு முதல் ஏழு வரை

காட்டாங்குளத்தூர்
3-7-2025

அன்புள்ள ஆயாவுக்கு,

உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? என்னோடு ஆடும் சத்யபிரியாவின் ஹாஸ்டல் அறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் உனக்குப் பாதி காதில் விழுவதில்லை. வக்கீல் தேவானந்தம் சாரும் வீட்டில் இருந்தவர்களிடம் எழுத்தில் கேட்கச் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம்.

டென்னிஸ் ஆடுகிறவர்கள் ஊக்கமருந்து எடுக்கிறார்களா என்று பார்க்க, சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். அதற்காகத் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது நம் அஸ்தினாபுரம் வீடு, காலை ஆறு முதல் ஏழு. ஒரு வருடத்தில் மூன்று தடவை ஆள் இல்லையென்றால் இரண்டு வருடம் ஆட முடியாது. முதல் இரண்டு தடவை என் தப்பு. வெளியூர் போனதை எழுத மறந்தேன். மூன்றாவது மார்ச் 14. அன்று நான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். பெல் அடிக்கவே இல்லை. ஓடி ஒளிந்தேன் என்கிறார்கள். அன்று யாராவது வந்தார்களா ஆயா?

உன் அனு


அஸ்தினாபுரம்
8-7-2025

என் கண்ணு அனுவுக்கு ஆயா எழுதுவது.

முட்டி வலிக்கு என்ன, அது என் கூடவே இருக்கும். நீ வேளைக்குச் சாப்பிடு. ஹாஸ்டல் சோற்றை நம்பாதே.

கீழ் போர்ஷன் ரோஸி நேற்று குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள். "இன்னா ஆயா, உம் பேத்தி ஊசி போட்டுகினு ஆடுறாளாமே?" என்றாள். "உம் புள்ள பத்தாவது மூணு தபா எழுதுனானே, அவனுக்கு எந்த ஊசி போட்ட?" என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். போன பொங்கலுக்கு என் கோலத்தின் மேல் வண்டியை ஏற்றியவள்தானே. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

நீ பயப்படாதே. நம் வீட்டு பெல் கரண்ட் போனால் அடிக்காது. வக்கீலிடம் அதைச் சொல்.

ஆயா கங்கையம்மாள்


காட்டாங்குளத்தூர்
12-7-2025

அன்புள்ள ஆயாவுக்கு,

என் காதுகுத்துக்கு யார் என்ன புடவை கட்டி வந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறவள் நீ. மார்ச் 14 பற்றி மட்டும் ஒரு வரி எழுதவில்லை. பால் வாங்கப் போயிருப்பாய் என்று நினைக்கிறேன்.

சோதனைக்கு வந்தவர்களின் அறிக்கை கிடைத்துவிட்டது. கேட்டருகே ஒரு பெண், நான் ஊரில் இல்லை என்று சொன்னாளாம். நம் வீட்டில் வேறு யார்? ரோஸிதான். வேண்டுமென்றே செய்தாள் என்று அவள் பெயரை எழுதிக் கொடுக்கப் போகிறோம். விசாரணை ஆகஸ்டில். இந்த ஆட்டம் போனால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது ஆயா.

அனு


அஸ்தினாபுரம்
16-7-2025

அனுவுக்கு,

ரோஸி பெயரை எழுதாதே. அவள் மேல் எனக்குள்ள கோபம் வேறு. அது இருக்கும்.

மார்ச் பதினாலு, வெள்ளிக்கிழமை. ஆறு பத்துக்கு வெள்ளை வண்டி வந்தது. நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். இறங்கினது அதே பொம்பளை. டிசம்பரில் நீ ஒன்றுக்குப் போகும்போது கதவை மூடவிடாமல் உன் முன்னால் நின்று பார்த்தாளே, அவள்தான். அன்றைக்கு நீ தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாய். உன் அந்த முகத்தை நான் மூன்று மாதமாக மனதில் வைத்திருந்தேன்.

"அனுப்பிரியா இருக்காங்களாம்மா?"

"இல்ல. திருத்தணிக்குப் போய்க்கீறா. நாளிக்குத்தான் வருவா."

பெல்லில் கை வைக்கவே விடவில்லை. ஏழு மணி வரை அவர்கள் வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் துடைப்பத்தோடு கேட்டிலேயே நின்றேன். அப்புறம் மாடிக்கு வந்து உன் ஃபேனைக் கூட்டி வைத்தேன். எட்டு மணிக்கு எழுந்து காபி கேட்டாய். போட்டுக் கொடுத்தேன். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

உன் முதல் கடிதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பயத்தில் பெல்லைப் பற்றி எழுதினேன்.

இதையே தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், வண்டி நம்பரோடு. விசாரணைக்கு வந்து அந்தப் பொம்பளை முகத்துக்கு நேராகவும் சொல்கிறேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை கண்ணு. நான் இதுவரை யாரையும் மன்னித்ததில்லை.

ஆயா


காட்டாங்குளத்தூர்
28-9-2025

அன்புள்ள ஆயாவுக்கு,

விசாரணையன்று உன் பக்கம் நான் திரும்பவே இல்லை. அதற்கப்புறமும் எழுதவில்லை. எழுதியிருந்தால் கண்டபடி எழுதியிருப்பேன்.

நேற்றுத் தீர்ப்பு வந்தது. நான் வீட்டில்தான் இருந்தேன் என்று நம்பிவிட்டார்கள். நீ சொன்ன வண்டி நம்பர் சரியாக இருந்ததாம். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு விஷயத்தைச் சொல்லி வைக்காதது என் பிழையாம். இரண்டு வருடம் ஒரு வருடமாகக் குறைந்தது.

அது உண்மைதான். டிசம்பரில் அன்று நான் பாத்ரூமில் அழுதேன். உன்னிடம் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் உள்ள விதி, என்னை மட்டும் அவமானப்படுத்த வந்ததில்லை என்றும் சொல்லவில்லை.

ஆடாத வருடத்திலும் அவர்கள் வருவார்கள். நான் எங்கே இருப்பேன் என்று எழுதித்தான் ஆக வேண்டும். இந்த அறையின் விலாசத்தைக் கொடு என்றாள் சத்யபிரியா. அக்டோபர் ஒன்று முதல் அஸ்தினாபுரம் வீடு, காலை ஆறு முதல் ஏழு என்று கொடுத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் நீதான் வாசலில் இருப்பாய். கேட்டைத் திறந்துவிட்டு என்னை வந்து எழுப்பு.

உன் அனு