செவிடன் என்று சொன்னவனுக்கு

கோரிப்பாளையம் முக்கில் உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். மைதாப் பசை இன்னும் காயவில்லை. புளித்த வாடை அடித்தது. கண்ணாடி போட்டுச் சிரிக்கிறாய். கீழே, ‘மின்னணு இசையைத் தனியாளாக மதுரைக்குத் தந்த மாமேதை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். தனியாளாக! செத்த பிறகும் உன் விஷயத்தில் ஒரு உண்மை வெளியே வரவில்லை.

அந்த முக்கிலிருந்து நாலு கடை தள்ளித்தான் எழுபதுகளில் நான் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அவனியாபுரத்திலிருந்து சைக்கிளில் வந்துபோகும் ஆர்மோனியக்காரன். பழைய ரேடியோச் சாமான்களை வைத்து நான் செய்த பெட்டி ஒருநாள் உன் எதிரில் ஊளையிட்டது. கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

“மாப்ள, இதுக்கு ஆர்மோனியக் கட்டைய மாட்டு. ஊரையே அசத்திரலாம்” என்றாய்.

அந்த யோசனை உன்னுடையது. அதை மறுக்க மாட்டேன்.

நீ கட்டைகளை அழுத்துவாய், நான் குமிழைத் திருகுவேன். ஒருவர் கை எடுத்தாலும் அதில் பாட்டு வராது, இரைச்சல்தான் வரும். நாடகக்காரர்கள் அதைப் பேய்ப்பெட்டி என்றார்கள். திருப்பரங்குன்றத்தில் எமன் வரும் காட்சிக்கு நாம் கொடுத்த சத்தத்தில் முன்வரிசை எழுந்து பின்னால் ஓடியது. பிறகு கேசட் காலம் வந்தது. அட்டையில் நம் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே இருந்தன.

மெட்ராஸிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் நம் இருவரையும் தேடி வந்தபோது நான் டைபாய்டில் படுத்திருந்தேன். நீ வந்து இளநீர் வெட்டிக் கொடுத்தாய். “பெட்டிய எடுத்துட்டுப் போறேன் மாப்ள, இங்க கெடந்தா வீணாப்போகும்” என்றாய். அவர் வந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்த வாரம் நீ மெட்ராஸில் இருந்தாய்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தக் கம்பெனிக்காரரைப் பார்த்தேன். யாரோ என்னை அறிமுகப்படுத்தியதும் அவர் என் காதருகே குனிந்தார். சோறு பிசைவதுபோல் கையைக் காட்டி, “சாப்...பிட்...டாச்சா?” என்று கத்தினார். பந்தியே திரும்பிப் பார்த்தது.

“மெதுவாவே கேளுங்க சார். நல்லாக் கேக்குது.”

அவர் முகம் வெளிறிப்போனது. “டைபாய்டுல உங்களுக்கு ரெண்டு காதும் போயிடுச்சுன்னு உங்க கூட்டாளிதானே சொன்னார்?”

அன்றைக்கே அவனியாபுரம் வந்தேன். மெட்ராஸ் அதற்குள் உன்னைத் திருப்பி அனுப்பியிருந்தது. நீ வாசலில் நின்றாய். கண்ணைத் தாழ்த்தக்கூட இல்லை.

“சேந்து வாசிச்சா எது ஒன் கை, எது என் கைன்னு தெரியல மாப்ள. தனியா நான் எம்புட்டுத் தேறுவேன்னு பாக்கணும்னு தோணுச்சு.”

“பாத்தியா?”

“பாத்துட்டேன்.”

அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் உன் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் நான் ஏற்றிருக்க மாட்டேன்.

அப்புறம் ஒரு பெண்ணோடு சேர்ந்தேன். சௌராஷ்டிரத் தறிக்காரர் வீட்டுப் பெண். கீபோர்டில் உன்னைத் தூக்கிச் சாப்பிடுவாள். மூன்று கேசட் போட்டோம், மூன்றும் ஓடின. நாலாவதைத் தொடங்கும் முன், அவற்றை வெளியிட்ட கம்பெனிக்காரரை ஓரமாக அழைத்து, அந்தப் பெண் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று விசாரித்தேன். அவர் அதை அவளிடமே சொல்லிவிட்டார்.

“அண்ணே, ஒங்கள ஏமாத்துன ஆளு நானா?” என்று கேட்டாள்.

அவள் கீபோர்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். பிறகு நான் தனியாகப் போட்ட கேசட்டை என்னாலேயே முழுசாகக் கேட்க முடியவில்லை.

அவளை இழந்தது என் தப்பு. அதை உன் தலையில் கட்ட மாட்டேன். உன் தலையில் இருப்பதே போதும். இரங்கல் கூட்டத்தில் பேச வரச்சொல்லி உன் மனைவி நேற்று ஆள் அனுப்பியிருந்தார். வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போதும் டீக்கடையில் இரண்டு பேர் குரலைத் தணித்துப் பேசினால் தம்ளர் என் கையிலேயே நின்றுவிடுகிறது. என் பெயர் அடிபடுகிறதா என்று காது கொடுக்கிறேன். ஒரு சொல் விடாமல் கேட்கிறது.