தூணைத் தட்டக் கூடாது

மார்ச் 3, திங்கள்

சிமெண்டு லாரி வரவில்லை. வேலை இன்னும் பதினைந்து நாளைக்கு நிற்கும். மேஸ்திரி, "எங்கயாவது போய்ட்டு வாக்கா, கொஞ்ச நாளாவது எங்க காதுக்கு ஓய்வு கிடைக்கட்டும்" என்றான். அவன் காதுக்கு ஓய்வு என்றால் வேறொரு காதுக்கு வேலை வேண்டுமே. மகளிடம் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அவள் இருப்பது நகரத்தின் நட்டநடுவில். கடிகாரக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஓர் அறை. கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கும். சன்னலைத் திறந்தால் மட்டும் ராஜபோகம். எதிரே பழைய தலைமைச் செயலகம், வெள்ளை வெளேர் என்று, சுற்றிலும் புல்வெளியோடு. பெரிய அதிகாரிகளெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். இப்போது இங்கே பாதி பைல், பாதி பார்வையாளர். அந்தப் பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுற்றிக்காட்டுவதுதான் என் மகளின் வேலை. தற்காலிகம். எட்டு மாதமாகத் தற்காலிகம்.

இந்த டைரியும் அவள் ஆபீசில் மிஞ்சியதுதான். போன வருஷத்துத் தேதி. அடித்துவிட்டு எழுதுகிறேன்.

"என்னை எப்ப உள்ள கூட்டிட்டுப் போவ?" என்றேன். "பார்க்கலாம்மா" என்றாள். வீட்டைக் கட்டி முடித்தபிறகு கூலி கேட்டால் வீட்டுக்காரர் சொல்லும் அதே 'பார்க்கலாம்'.

மார்ச் 4, செவ்வாய்

புல்வெளிக்குச் சீட்டு வேண்டாம். போனேன். மூக்கு உடைந்த ஒரு சிலை. வாய்க்குள் அணில் கூடு கட்டிய ஒரு பீரங்கி. பத்தடிக்கு ஒரு பலகை: புல்லின் மேல் நடக்காதீர்கள். புல்லைவிடப் பலகைதான் செழிப்பாக வளர்ந்திருக்கிறது.

வாசல் காவலர் ஓடி வந்தார். "அக்கா, புல்லுல நடக்கக் கூடாது, தெரியாதா?"

"பலகையைப் படிக்கத்தான் தம்பி நடந்தேன். தூரத்துலேர்ந்து எழுத்து தெரியல."

சிரித்துவிட்டார். அதோடு நிற்காமல், நான் யாரென்று தெரியாமலே என் மகளிடமும் போய்ச் சொல்லிவிட்டார். சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாகக் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, இந்த வாரம் ஆய்வு. துறையிலேர்ந்து ஒருத்தர் சாதாரண ஆளு மாதிரி சீட்டு வாங்கிட்டு வருவாங்க. யாரு, என்னைக்குன்னு தெரியாது. ஆபீஸ்ல குடுத்த புத்தகத்துல இருக்கறத நான் ஒழுங்கா சொல்றேனான்னு பார்ப்பாங்க. சரியா இருந்தா நிரந்தரம். இல்லைன்னா வீட்டுக்கு. நீ அந்தப் பக்கமே வராத. வந்தாலும் எங்கம்மான்னு சொல்லிக்காத."

"ஏண்டி, நான் என்ன கடிச்சா வைக்கப் போறேன்?"

"கிண்டல் பண்ணுவ. எனக்குச் சிரிப்பு வந்துரும். அதான்."

அதுதானா? சொல்லும்போது என் கையைப் பார்த்தாள். சுண்ணாம்பு தின்ற நகம், வெடித்த விரல். பார்க்காத மாதிரிப் பார்த்தாள்.

மார்ச் 5, புதன்

இன்று போகவில்லை. சன்னலிலிருந்து பார்த்தேன். கை நீட்டி நீட்டிப் பத்துப் பேரை விரட்டுகிறாள். மேஸ்திரி தோற்றான்.

மார்ச் 6, வியாழன்

போய்விட்டேன். கால் கேட்கவில்லை.

சீட்டு வாங்கிக் கடைசி ஆளாக நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈரச் சுவரில் விரல் பட்ட மாதிரி ஒரு பள்ளம். உடனே பூசி மெழுகிக்கொண்டாள்.

கூட்டத்தில் ஒருவர் பளபளவென்று ஷூ போட்டிருந்தார். ஆய்வுக்கு வந்தவர் இவர்தான் என்று முடிவு கட்டினேன். அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, "பொண்ணு என்ன தெளிவா சொல்லுது பார்த்தீங்களா சார்? இந்த மாதிரி ஆளு லட்சத்துல ஒண்ணு சார்" என்று நாலு தடவை சொல்லியிருப்பேன். ஐந்தாவது தடவை அவர் பொறுமை இழந்தார். "அம்மா, நான் பல் டாக்டர். ரயிலுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு, அதான் வந்தேன்."

போகட்டும். பெரிய மண்டபத்துக்கு வந்தோம். மகள் கையை உயர்த்தி, "இங்குள்ள இருபத்து நான்கு தூண்களும் ஒவ்வொன்றும் ஒரே கல்லால் ஆனவை. கடல் கடந்து கப்பலில் வந்த சலவைக்கல்" என்றாள்.

சலவைக்கல்லாவது! இருபத்தாறு வருஷமாகப் பழைய வீடுகளுக்குப் பூச்சு வேலை செய்கிறேன். சித்தாளாகப் போய்க் கொத்தனாராக ஆனவள். உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. கல்லைத் தட்டினால் நம் விரல்தான் வலிக்கும். பூச்சைத் தட்டினால் அது பதில் சொல்லும். தட்டினேன். சொன்னது.

பக்கத்தில் குடை வைத்திருந்த ஓர் அம்மா. கழிப்பறை எங்கே என்று கேட்டதைத் தவிர அதுவரை வாயே திறக்காதவர். அவர் காதில் போட்டு வைத்தேன்: "கல்லு இல்லைங்க. வேணும்னா தட்டிப் பாருங்க." அவரும் தட்டினார். பிறகு மகளைப் பார்த்து, "இது நிஜமாவே சலவைக்கல்தானா?" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம்தான்.

"சலவைக்கல்தான். மேடம், நீங்க தூணைத் தொடாதீங்க."

கடைசி வரி எனக்கு. என் வயிற்றில் பிறந்தவள், மேடம்!

சுற்று முடிந்ததும் குடைக்கார அம்மா நேராக மகளுடைய கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். போய் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

ஐயோ. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? பிள்ளையோட பொழப்புல நானே — இந்த வாயைத் தைச்சுப் போட்டா என்ன?

மார்ச் 7, வெள்ளி

காலையில்தான் பேசினாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? உன் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்துல சாக்குல படுத்து வளந்தவ நான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏண்டி பொய் சொல்ற?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. மாத்திச் சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

கேட்டால்தான் என்ன என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்கும் தெரியும். என் விரல் நுனியில்தான் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

நிரந்தரம்! காகிதமே வந்துவிட்டது. "பாடத்திலிருந்து ஒரு சொல்கூடப் பிசகவில்லை. பார்வையாளர் ஒருவர் இடையூறு செய்தபோதும் நிதானம் இழக்கவில்லை" என்று அறிக்கையாம். அந்த இடையூறு நான்தான். அரசாங்கக் காகிதத்தில் என்னைப் பற்றி இத்தனை மரியாதையாக எழுதியது இதுதான் முதல் தடவை.

கீழே இன்னொரு வரி: பார்வையாளர்கள் தூண்களைத் தட்டுவதால் உடனே எச்சரிக்கைப் பலகை வைக்கவும். குடைக்கார அம்மா தட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. 'தூணைத் தட்டக் கூடாது' என்ற பலகையைத் தூணிலேயே வைத்து, ஆணி வைத்து, சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். சோற்றுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. உள்ளே செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறதாம்.

சலவைக்கல் கடைக்காரரை வரவழைத்தார்கள். பார்த்துவிட்டு, "இது கல்லே இல்ல, என் ஆஸ்பத்திரி நோயாளி இல்ல சார்" என்று போய்விட்டார். கண்காணிப்பாளர் சிமெண்டு வைத்து மூடச் சொன்னார். மகள் தன்னை மறந்து, "சிமெண்டு இதோட ஒட்டாது சார், சுத்தி இருக்கறதையும் இழுத்துக்கிட்டு விழும்" என்று சொல்லிவிட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த வேலை தெரிஞ்ச ஒருத்தங்க இருக்காங்க சார்."

இதை என்னிடம் சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

"ஒருத்தங்களா? அந்த ஒருத்தங்களுக்கு வீடு வாசல், பிள்ளை குட்டி எதுவும் கிடையாதா?"

"வருவியா, மாட்டியா?"

"கலெக்டரம்மா கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?"

மார்ச் 13, வியாழன்

என் கழுத்தில் அட்டை தொங்குகிறது: பராமரிப்பு. வாசல் காவலர் வணக்கம் வைத்தார். நான் புல்லின் மேல் நடந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

சாமான் பட்டியலில் சுண்ணாம்பு, மணல், முட்டை இரண்டு டஜன் என்று எழுதிக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் மூன்று தடவை படித்தார். "முட்டை கேன்டீனுக்கா?" என்றார். தூணுக்கு என்றேன். வெகு நேரம் பேனாவைத் திறக்கவே இல்லை.

ஒரு கட்டளை போட்டார்: வேலை பார்வையாளர் கண்ணில் படக் கூடாது. தூணைச் சுற்றி மூங்கில் சாரம், சாரத்தைச் சுற்றித் துணி. உள்ளே நான், பூச்சுக் கரணையோடு. வெளியே மகள், புத்தகத்தோடு. ஒரு நாளைக்கு நாலு தடவை, "ஒரே கல்லால் ஆனவை" என்று சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் செங்கல்லைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

மேஸ்திரி போன் போட்டான். லாரி வந்துவிட்டதாம். "நான் இப்ப அரசாங்க ஆளு, மனு எழுதிப் போடு" என்றேன்.

இன்று கடைசிப் பூச்சு. கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக் கூட்டம் வந்தது. கப்பல் வந்தது, சலவைக்கல் வந்தது. துணிக்கு வெளியே ஒரு பெரியவர் குரல்:

"ஏம்மா, சலவைக்கல்லுன்னா உள்ள எதுக்குக் கொத்தனாரு தேய்க்கற சத்தம் கேக்குது?"

கல் என் கையிலேயே நின்றுவிட்டது. பின்னால் கண்காணிப்பாளரின் செருமல் கேட்டது. 'மேடம், சத்தம் போடாதீங்க' என்று வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். வந்தால் வரட்டும். பழகிவிட்டது.

துணி விலகியது. விலக்கியது அவள் கைதான்.

"புத்தகத்துல கல்லுன்னு இருக்குங்க. உள்ள வேலை செய்யறது எங்கம்மா. அவங்க கையைப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க, இது கல்லா இல்லையான்னு."

பத்துப் பதினைந்து முகம். எல்லாம் என் கையைப் பார்த்தன. அவளும் பார்த்தாள். பார்க்கிற மாதிரியே பார்த்தாள்.

கண்காணிப்பாளர் என்ன செய்வாரோ தெரியாது. நிரந்தரம் ஆன ஆளை அசைக்க ஆறு பைல் வேண்டுமாம், காவலர் சொன்னார். முட்டைக்கே நாலு நாள் ஆனது.

எத்தனை கிண்டல் சேர்த்து வைத்திருந்தேன், மேடம் என்றதற்கு வட்டியும் முதலுமாக! அத்தனையும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குனிந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தேன்.

பெரியவர் பக்கத்தில் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாரத்தில் தொங்கிய 'தட்டக் கூடாது' பலகையை நிதானமாக ஒரு தடவை படித்தார். பிறகு தட்டினார்.