சாக்குக்குள் ஒரு செம்போத்து

கோணிச்சாக்கின் வாயில் போட்டிருந்த முடிச்சைப் பார்த்ததுமே அது உங்கள் கை என்று தெரிந்துவிட்டது, அண்ணே. இரண்டு சுற்று, உள்ளே ஒரு மடிப்பு. பூச்சுவேலைக்குச் சாரம் கட்டும்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்து நீங்கள் தோற்றுப்போன அதே முடிச்சு. போன வாரம், முன்பு நாம் சேர்ந்து வேலை செய்த அதே கரமனை வீட்டுக் கூடத்தில் மறுபடி கூரைவேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாமான் அறையில் ஏணி தேடப் போனவன் அந்தச் சாக்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அயர்லாந்திலிருந்து ஒரு சிற்பி வந்து நம் ஊர்க் கூரையில் சுண்ணாம்பு பூசப்போகிறாராம் என்று கேள்விப்பட்டபோது நான்தான் முதலில் சிரித்தேன். மார்த்தாண்டத்துப் பூச்சுவேலைக்காரனுக்கு அவ்வளவு திமிர். ஆரம்பத்தில், வெள்ளைக்காரர் என்பதால் உங்களைச் "சாயிப்பே" என்று கூப்பிட்டேன். முகம் சிவந்துபோயிற்று உங்களுக்கு. "எங்களையும் சாயிப்புதான் ஆண்டான். அந்தப் பேர் வேண்டாம்" என்றீர்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்று தெரிந்ததும் அண்ணே ஆனீர்கள்.

உங்கள் அப்பாவும் பூச்சுவேலைக்காரர். நீங்கள் சிற்பம் படித்து, கண்காட்சிகள் வைத்து, கடைசியில் அப்பாவின் கரணையையே எடுத்துக்கொண்டவர். "சிலையைச் சுத்திச் சுத்திப் பாப்பான். கூரையை எவனும் நிமிர்ந்து பாக்கமாட்டான். எனக்கு அதான் இஷ்டம்" என்பீர்கள். எங்களிடம் பொறுக்கிய தமிழும் கடையில் பொறுக்கிய மலையாளமுமாக உங்கள் பேச்சு. ஈரப்பூச்சில் யாராவது கை வைக்கப் போனால் "காயட்டும்டே!" என்று நாகர்கோவில்காரனைப் போலவே கத்துவீர்கள்.

அந்தக் கூடத்துக் கூரையின் மூலையில் பழைய சுண்ணாம்புப் பறவை ஒன்று உதிர்ந்துபோயிருந்தது. என்ன பறவை என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் நாலு நாள் கொல்லையில் உட்கார்ந்து, அங்கே வந்த செம்போத்தையே பார்த்துச் சுதையில் செய்தீர்கள். முதுகுப்பக்கம் ஆணியால் எங்கள் எல்லோருடைய பெயரையும் கீறினீர்கள். ஒவ்வொரு வேலையிலும் அது உங்கள் வழக்கம். பிறகு காய்ச்சலில் படுத்தீர்கள்; காய்ச்சல் விட்டதும் உடம்பைத் தேற்றிக்கொள்ளப் பொன்முடி மலைக்குப் போனீர்கள். "நான் வந்துதான் ஒட்டணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள்.

மறுநாளே வீட்டுக்காரர் வந்து நின்றார். "மோளுடெ கல்யாணத்துக்கு இனி பத்து திவசமே உள்ளூ. பெயின்ட் அடிக்கண்டே?" மகள் கல்யாணத்துக்குப் பத்தே நாள்; மழையோ விடுகிற பாடாக இல்லை. சுண்ணாம்பு எப்போது காய்வது? நான் சிமென்ட் கலந்தேன், அண்ணே. கலந்து ஒட்டி, மேலே வெள்ளையடித்துவிட்டேன். திரும்பி வந்த நீங்கள் ஏணியில் ஏறி விரலால் தட்டிப் பார்த்தீர்கள்.

"சுண்ணாம்புதானே?"

"சத்தியமாட்டு சுண்ணாம்புதான், அண்ணே."

நாக்கு கூசவில்லை எனக்கு.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அடுத்த மழையில், சிமென்ட் வெளியே விடாத ஈரம் உள்ளேயே தங்கி, செம்போத்து கூடத்தின் நடுவில் விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே, "சாயிப்புக்கு நம்மடெ மழையைப் பத்தி எந்து தெரியும்?" என்று கத்தினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள், "என் வேலை, என் தப்பு" என்றீர்கள். குனிந்து துண்டுகளை நீங்களே பொறுக்கினீர்கள். உதவிக்கு வந்த என்னை வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினீர்கள். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப்பிறகு இந்த ஊரில் உங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. உங்கள் நாட்டுக்கே திரும்பினீர்கள். இரண்டு வருஷம் கழித்து, நீங்கள் இறந்த செய்தி உங்கள் மகளிடமிருந்து வந்தது. "அப்பா உங்களைப் பற்றி நிறையச் சொல்வார்" என்று எழுதியிருந்தாள். அதற்கு இத்தனை வருஷமாக நான் பதில் போடாமலே இருந்தேன்.

போன வாரம் அந்த முடிச்சு எனக்கு அவிழவில்லை; கயிற்றை அறுத்துத்தான் சாக்கைத் திறந்தேன். பறவையின் முதுகெல்லாம் சாம்பல் நிறத்தில் என் சிமென்ட். சுண்ணாம்பு வெள்ளை, சிமென்ட் சாம்பல்; தொழில் தெரிந்த எவனுக்கும் ஒரு பார்வை போதும். நீங்கள் அன்றைக்கே பார்த்திருக்கிறீர்கள். வீட்டுக்காரர் கண்ணில் படுவதற்குமுன் சாக்கில் போட்டு, மற்றவன் அவிழ்க்க முடியாத முடிச்சையும் போட்டிருக்கிறீர்கள். உளியால் சிமென்டைப் பெயர்த்தேன். ஒட்டும் அவசரத்தில் அன்றைக்கு நான் படிக்காத பெயர்களில் என்னுடையதுதான் முதலில் இருந்தது. உங்களுடையது கடைசியில். சீ, நானும் ஒரு மனுஷனா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சிமென்ட் கலந்தது நான்தான் என்று வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். வேலைக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போதே சொன்னேன். வயதாகிவிட்டது அவருக்கு. "அந்த சாயிப்பு அன்னு ஒண்ணும் பறஞ்ஞில்லல்லோ" என்றார்.

"இல்ல சார். அவரு அன்னைக்கு ஒண்ணும் சொல்லல" என்றேன்.

உங்கள் மகளுக்கும் எழுதிவிட்டேன். நான் செய்த புதுச் செம்போத்து இப்போது மேசைமேல் காய்ந்துகொண்டிருக்கிறது, சுத்தச் சுண்ணாம்பு. எப்போது ஒட்டுவாய் என்று அந்த வீட்டில் தினமும் கேட்கிறார்கள். காயட்டும் என்கிறேன். முதுகில் உங்கள் பெயரை முதலில் எழுதினேன், பிறகு மற்றவர்கள் பெயரை. என் பெயருக்கு வந்ததும் ஆணியைக் கீழே வைத்துவிட்டேன், அண்ணே.