கோப்பை நம் வீட்டில்தான் இருக்கிறது, அண்ணா

என் ஆசை அண்ணாவுக்கு,

நீ அங்கே நிம்மதியாக இருப்பாய். இங்கே எனக்கு வயிறு எரிகிறது. உன்னைத் தவிர யாரிடம் போய்க் கொட்டுவேன்? ஊரே படித்தாலும் படிக்கட்டும்.

நீ ஆரம்பித்து வைத்து, இப்போது உன் பெயரிலேயே நடக்கும் கல்லூரிக் கால்பந்துப் போட்டி இந்த வருஷமும் நடந்தது. லீக் ஆட்டங்கள் முடியும்வரை ஒரு குறையும் இல்லை. நம்ம ஊர்க் கல்லூரிப் பையன்கள் ஒன்றில்கூடத் தோற்கவில்லை அண்ணா. பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியரிங் கல்லூரியையே அடித்தார்கள். நீ இருந்திருந்தால் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியிருப்பாய்.

அப்புறம் பிடித்தது மழை. தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து சேறு வழிந்து மைதானம் பாழாகி, அரையிறுதி ஆட்டங்கள் நடக்கவில்லை. இறுதி ஆட்டத்துக்கு எந்த இரண்டு அணிகள் என்று கமிட்டியே பேசி முடிவு செய்வதாக ஏற்பாடு. இதில் பேச என்ன இருக்கிறது? தோற்காத அணி ஒன்று, மிச்சத்தில் நல்லது ஒன்று. டீ ஆறுவதற்குள் முடிய வேண்டிய விஷயம்.

முடித்தார்கள். இன்ஜினியரிங் கல்லூரியும் ஓசூர்க் கல்லூரியுமாம். இரண்டும் தோல்வி கண்டவை!

கமிட்டித் தலைவர் யார் தெரியுமா? உன்னோடு சுரங்க அணியில் லெஃப்ட் அவுட் ஆடிய அதே சம்பத்துதான். "நம்ம பசங்க ஜெயிச்சதெல்லாம் ஒரே ஒரு கோல்லம்மா. பாக்க எடுப்பா இல்ல. அவங்க வந்தா பஸ்ஸு பஸ்ஸா ஜனம் வரும், மொபைல்ல லைவ் போடுவாங்க. கோப்பைக்கும் ஒரு கெத்து வேணாமா?" என்றார். பக்கத்திலிருந்த இருவரும் பிஸ்கட்டை மென்றுகொண்டே தலையாட்டினார்கள்.

"அடிச்சவனை வெளிய நிக்க வெச்சுட்டு, அடி வாங்கினவனை உள்ள விடறது இன்னா நாயம்?" என்று கேட்டேன்.

"தோ பாரு சரோஜா, உங்கண்ணன் பேரு கோப்பையில கீதுன்னுதான் உன்ன இங்க குந்த வெச்சுக்கீறோம்."

சீ! இந்த மனிதருக்கா நம் வீட்டில் அத்தனை வருஷம் சோறு போட்டோம்?

அதோடு விட்டதா? நீ வைத்த பழக்கம் ஒன்று இருக்கிறதே. ஜெயித்தவர்கள் அடுத்த போட்டிக்கு முன் கோப்பையை நம் வீட்டில் திருப்பி வைப்பார்கள்; போன வருஷம் இறுதி ஆட்டத்தில் தோற்ற அணியின் கேப்டன்தான் அதை இங்கிருந்து மைதானத்துக்குத் தூக்கி வர வேண்டும். தோற்றவனுக்கும் ஒரு மரியாதை வேண்டும் என்பாய். போன வருஷம் தோற்றது நம் பையன்கள்தான். கேப்டன் தினேஷ் இந்த வருஷமும் ஆடுகிறான்.

இறுதி நாள் காலை அவன் வந்து நின்றான் அண்ணா. தலையைப் படிய வாரிக்கொண்டு, துவைத்த ஜெர்சியோடு. பின்னால் மொத்த அணியும்.

"குடுங்கக்கா, நேரமாவுது."

"ஏண்டா, உன்னத் தள்ளிட்டு ஆடற மேட்ச்சுக்கு நீயே தூக்கினு போறியா? உனக்கு ரோசமே கிடையாதா?"

"இன்னாக்கா பண்றது? பெரியவரு வெச்ச பழக்கம். வரலன்னா, கோச்சுக்கினானுங்கன்னு சொல்லுவாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. துடைத்து எடுத்து வைத்திருந்த கோப்பையைத் திரும்ப ஷோகேஸில் வைத்துப் பூட்டினேன். பையன்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அங்கே சிறப்பு விருந்தினர் மாலையோடு உட்கார்ந்திருந்தார், முன்னால் மேஜை காலி. நேராகப் போய் மைக்கைப் பிடித்தேன்.

"கோப்பை என் வூட்ல பத்திரமா கீது. இந்தப் பசங்களை யாரு ஜெயிக்கறாங்களோ, அவங்க வந்து வாங்கிக்கினு போங்க."

சம்பத்து மைக்கைப் பிடுங்கினார். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். ஆட்டம் நடந்தது, இன்ஜினியரிங் கல்லூரி ஜெயித்தது. பங்காருபேட்டைக்கு ஆள் விட்டு ஒரு பிளாஸ்டிக் கோப்பை வாங்கி வந்து கொடுத்து, கைதட்டி, போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

செத்துப்போன அண்ணனை நான் ஊர் நடுவில் அவமானப்படுத்திவிட்டேன் என்று சம்பத்து இப்போது தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அப்படியா அண்ணா? நான் செய்தது தப்பா?

நேற்று சாயங்காலம் வாசலில் ஒரு பையன். யாரென்று பார்த்தால் இன்ஜினியரிங் கல்லூரி கேப்டன், பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறான். பையிலிருந்து அந்த பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"ஆண்ட்டி, இது வேணாம். சாம்பியன்னு சொல்லிக்கவே ஒரு மாதிரி இருக்கு. அவங்க எங்கள அடிச்சிருக்காங்களே. அவங்களோட ஒரு மேட்ச் வைங்க, ப்ளீஸ்."

கமிட்டியில் உட்கார்ந்திருந்த அத்தனை நரைத்த தலைகளுக்கும் இல்லாத வெட்கம் இந்தப் பிள்ளைக்கு இருந்தது. காபி கொடுத்து உட்கார வைத்து, தினேஷுக்குப் போன் போட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நம் பையன்களின் அம்மாக்கள் பெங்களூர் வேலைக்காக மாரிகுப்பத்தில் ரயிலேறாத ஒரே நாள் அதுதான், அவர்களும் வந்து பார்க்கட்டும். கமிட்டி கிடையாது, மாலை கிடையாது, மைக் கிடையாது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணா. நம் பையன்கள் தோற்றால் உட்கார்ந்து அழுவேன். ஆனால் ஜெயித்தவனுக்கு இந்தக் கையாலேயே ஷோகேஸைத் திறந்து கோப்பையை எடுத்துக் கொடுப்பேன். தோற்றாலும் ஆடித் தோற்கட்டும்.

உன் வாயாடித் தங்கச்சி,
சரோஜா