வடக்குக் குன்றின் பின்னால் கேட்ட சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை உம் வீட்டு நடு அறைக்குள் நுழைந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. பெரிய மேசையின் மேல் வேட்டி விரித்தபடியே கிடந்தது. நீர் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. பூச்சி அரித்துவிடக் கூடாது என்று பிலோமினாதான் உருண்டைகளைப் போட்டிருக்கிறார்.

"தூக்கிப் பாக்கல அண்ணே," என்றார், நாங்கள் கேட்பதற்கு முன்பே. "ஓட்டை வழியாத்தான் உருட்டிவிட்டேன்."

உம் மனைவிக்குக்கூட அந்தச் சட்டம் பழகியிருந்தது.

வெளியாருக்கு நாம் செய்ததைச் சொல்லிப் புரியவைப்பது எப்போதுமே கடினம். துறைமுகத்தில் ஒரு கப்பல்காரன் விட்டுப்போன தடித்த விதிப்புத்தகத்தோடு நீர் வந்தீர். மேசையின் மேல் ஒரு நாடு. அதன் மலை, மழை, அரக்கர் படை எல்லாம் உம் பொறுப்பு. நாங்கள் மூவரும் அந்த நாட்டில் ஆளுக்கொரு வேடம். கூட்டுறவு வங்கி கோமதிநாயகம் மந்திரவாதி. வைப்புநிதியைப் போல மந்திரங்களைத் தொடாமல் காப்பார். மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் செய்யது குதிரைப்படைத் தலைவர். ஸ்கூட்டரே பயந்து பயந்து ஓட்டுவார். வக்கீலான நான் வில்லாளி. நேராகச் செய்யும் வேலை ஏதாவது கொடும் என்று உம்மிடம் கேட்டு வாங்கியது.

சின்னச் சண்டைகளில் ஒரு சிக்கலும் இல்லை. முதல் பெரிய போரில்தான் நாங்கள் அம்பலப்பட்டோம். நூற்றுக்கணக்கான புளியங்கொட்டைகள் படைகளாக நின்றன. நாங்கள் மேசையைச் சுற்றி நின்று கருடன்போல மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கோமதிநாயகம் அபூர்வமாக ஒரு மந்திரத்தைச் செலவழித்தார். மேட்டுக்கு அந்தப் பக்கம் பதுங்கியிருந்த அரக்கர்கள்மேல் நெருப்பு.

"அங்கன ஆள் இருக்குன்னு உமக்கு எப்படிவே தெரியும்? நீரு பள்ளத்துல நிக்கீரு," என்றீர்.

"மேசையில தெரியுதுல்லா."

"எனக்கும் தெரியுது. உம்ம மந்திரவாதி மேசையைப் பாத்திருக்கானா?"

கோமதிநாயகம் வங்கித் தணிக்கையில்கூட அப்படி முழித்திருக்க மாட்டார்.

அடுத்த வாரம் வேட்டி வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குச் செய்யது உமக்குக் கொடுத்த புது வேட்டி. அதில் இரண்டு ஓட்டைகள் வெட்டியிருந்தீர். சமவெளியில் நிற்பவனுக்கு டவரா அளவு, குன்றின் மேல் நிற்பவனுக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவு. யாருடைய முறையோ அவர் ஆள் நிற்கும் இடத்துக்கு ஓட்டை நகரும். மற்ற ஓட்டையைத் துண்டால் மூடிவிடுவீர். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரிவது அந்த வட்டம் மட்டும். காதுக்குக் கேட்பதை நீர் வாயால் சொல்வீர்.

"நான் கட்டுததுக்குத் தந்தேன்வே," என்றார் செய்யது.

"கட்டித்தான இருக்கேன். போர்க்களத்துக்கு."

துறைமுகக் கோபுரத்தில் உட்கார்ந்து கப்பல்களுக்கு வழி சொன்ன மனிதர் நீர். கடல் முழுக்க உம் கண்முன் இருந்தது. கப்பல் ஓட்டியவனுக்குத் தன் மூக்குக்கு முன்னால் உள்ள தண்ணீர் மட்டும்தான். "எல்லாத்தையும் பாக்குதவன் கப்பல் ஓட்டக் கூடாது. ஓட்டுதவனுக்கு எல்லாம் தெரியாது. ரெண்டு பேரும் அதை மறக்காம இருந்தாப் போதும், மோதாது," என்பீர். வேட்டியின் சாரமும் அதுதான். அதற்குப் பிறகு நாங்கள் நன்றாக விளையாடினோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பயந்து விளையாடினோம். குன்றின் மேல் ஆள் நிறுத்தினோம், ஒற்றர் அனுப்பினோம், தூதன் வந்து சேரும் வரை காத்திருந்தோம். ஒருநாள் கோமதிநாயகம் என்னிடம் முறுக்குத் தட்டை நகர்த்தச் சொன்னார். "நீரு ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கீரு, அவருக்குக் கேக்காது," என்று தட்டை நீரே வைத்துக்கொண்டீர்.

கடைசிப் போருக்கு நம் ஆற்றையே வரைந்திருந்தீர், நடுவில் பாதி முங்கிய கல்மண்டபத்தோடு. ஆற்றைக் கடந்து அரக்கர் கோட்டையைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தகர டப்பாவில் புளியங்கொட்டைகளைப் போட்டுக் குலுக்கினீர். "வடக்குக் குன்றுக்குப் பின்னால சத்தம் கேக்கு."

"குதிரை," என்றார் செய்யது. "குளம்புச் சத்தம்."

நாங்களும் ஒப்புக்கொண்டோம். நீர் டப்பாவைக் கீழே வைத்தீர். செய்யது தன் குதிரைப்படையில் பாதியை வடக்கே பார்த்து நிறுத்தினார். போர் முடியும் வரை அவை நகரவே இல்லை என்று எழுத ஆசைதான். போர் முடியவில்லை. அதற்குள் ஒரு வாரத்தின் நடுவில் உமக்கு நெஞ்சுவலி வந்தது.

பிலோமினா இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து தூத்துக்குடிக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறார். மேசைக்கு அங்கே இடமில்லை. அதைச் சொல்லத்தான் எங்களை அழைத்திருந்தார்.

"வேட்டியைத் தூக்கிருவோம்," என்றார் கோமதிநாயகம். "எவன் எங்க நிக்கான்னு பாத்தா யாரு ஜெயிச்சிருப்பான்னு தெரிஞ்சுரும். ஒரு படம் எடுத்துக்கிடுவோம்."

"அது போஸ்ட்மார்ட்டம்வே," என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது. "ஆடி முடிப்போம். மாதக் கடைசி வரைக்கும் ஞாயிறு இருக்கு."

"அரக்கனுக்கு யாரு?" என்றார் கோமதிநாயகம்.

அதுதான் கேள்வி. உம் நாற்காலியில் உட்கார்பவர் வேட்டிக்கு அடியில் உள்ள எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். எல்லாவற்றையும் பார்த்தவர் களத்தில் நிற்க முடியாது. கோமதிநாயகம் கூரையைப் பார்த்தார். இத்தனை வருடம் சேர்த்துவைத்த மந்திரங்கள் அவரிடம் இருந்தன. செய்யது தன் குதிரைகள் இருந்த பக்கம் பார்த்தார்.

நான் என் வில்லாளியைச் செய்யதின் பொறுப்பில் விட்டேன். அவன் வடக்குக் குன்றைவிட்டுத் தள்ளி, ஆற்றங்கரை மேட்டில் நல்ல இடத்தில் நின்றிருந்தான். "பைய நடத்தும். கால் கொஞ்சம் சாய்ச்சு நடப்பான்," என்றேன்.

"என் கடை வாசல்ல நிக்கவனை மாதிரிப் பாத்துக்கிடுதேன்," என்றார் செய்யது. அவர் கடை வாசலில் நிற்பது துணி போர்த்திய பொம்மை.

பிலோமினா நாற்காலியைத் துடைத்தார். "உக்காருங்க அண்ணே. கூட்டாளின்னு பாத்து விட்டுக்கொடுத்திராதீங்க. அவுக இருந்தா விட்டுக்கொடுத்திருக்க மாட்டாக."

அவர்கள் காப்பி குடிக்க அடுக்களைக்குப் போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வேட்டியைத் தூக்கினேன்.

ஆற்றுக்கு அக்கரையில் அரக்கர்கள் நான் பயந்ததைவிட அதிகம். கல்மண்டபத்துக்குள் ஒரு கூட்டத்தை ஒளித்துவைத்திருந்தீர். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு வடக்குக் குன்றின் பின்னால் பார்த்தேன். குதிரை இல்லை. ஆள் இல்லை. வெறும் மேசைப்பலகை. பிலோமினா உருட்டிவிட்ட அந்துருண்டை ஒன்று மட்டும் அங்கே வந்து நின்றிருந்தது.

நீர் பொய் சொல்லவில்லை. சத்தம் கேக்கு என்றீர், சத்தம் கேட்டது. குதிரை என்று சொன்னது நாங்கள். கேட்டதற்கும் முடிவுகட்டியதற்கும் இடையில் உள்ள தூரத்தைக் காட்டித்தான் நான் இருபத்தைந்து வருடமாக நீதிமன்றத்தில் பிழைக்கிறேன். சாட்சி கண்டதைச் சொல்லட்டும், நினைத்ததைச் சொல்ல வேண்டாம் என்று எத்தனை முறை ஆட்சேபித்திருப்பேன். உம் டப்பாவுக்கு மட்டும் நான் ஆட்சேபிக்கவே இல்லை.

ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை அங்கே வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. செய்யது இத்தனை நாள் காத்ததற்கு ஒரு அர்த்தம் கிடைக்கும். வைக்கவில்லை. நாற்காலிதான் என்னுடையது, களம் நீர் வைத்தபடியே இருக்கட்டும். அந்துருண்டையை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேட்டியை மூடினேன்.

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். செய்யதின் முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததுதான்.

"வடக்க இன்னும் சத்தம் கேக்குதாவே?"

டப்பாவை எடுத்து நீர் குலுக்குவதுபோலவே குலுக்கினேன். "கேக்கு."

"என்ன சத்தம்?" என்றார் கோமதிநாயகம்.

"கேக்குன்னுதான் சொன்னேன்."

செய்யது தலையாட்டினார். "கூடியிருக்கு. இன்னும் குதிரை வந்திருக்கும்." பிறகு ஆற்றங்கரை மேட்டிலிருந்து என் வில்லாளியை எடுத்து, அந்த வெற்றுப் பலகையைப் பார்த்து நிறுத்தினார். கால் சாய்க்கும் அவனை, நல்ல இடத்தைவிட்டு, ஒருவரும் இல்லாத ஒரு குன்றுக்குக் காவலாக.

வாய்வரை வந்ததை விழுங்கினேன். நான் இப்போது கோபுரத்தில் இருக்கிறேன்.

மாதக் கடைசிக்குள் போர் முடியும். மண்டபத்துக்குள் இருப்பவர்களை அடுத்த ஞாயிறு வெளியே விடப்போகிறேன், விட்டுக்கொடுக்காமல். கோமதிநாயகம் மந்திரம் செலவழித்துத்தான் தீரவேண்டும். டப்பாவை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இதை எழுதும் மேசையில்தான் அது இருக்கிறது. இந்த மடல் போர் முடியும் வரை மேசை இழுப்பறையில் கிடக்கும். குன்றின் பின்னால் என்ன என்பது அதுவரை நம் இருவருக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.