யதுர்சனின் இடம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் நோ குறைந்ததா? நான் மெல்பேணில் சுகம்.

சிட்னியில் விமான நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது, சேவைக்காலம் கூடிய எனக்கு இங்கே வேலை கொடுத்தார்கள் அல்லவா? அதற்காக இங்கே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன் யதுர்சன் என்ற தமிழ்ப் பெடியன். புதிதாகச் சேர்ந்தவன். அவனே எனக்கு வேலையைக் காட்டித் தந்தான்.

“விடுங்கோ அக்கா, எனக்குப் பேர்த் நகரத்தில வேலை கிடைச்சிட்டுது. மனிசிக்கு எட்டாம் மாசம், அவ இஞ்சதான் நிக்கிறா,” என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவன் போன பிறகு அவன் மனைவியிடம் போய், பிள்ளைப்பேற்றுக்கு நான் துணைக்கு வருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

என் தலையணையை அனுப்புங்கள், இங்கே நித்திரை வருவதில்லை. பிள்ளை பெற்ற பிறகு பத்தியக் கறிக்கு அவளுக்குக் கொஞ்சம் சரக்குத்தூளும் வையுங்கள். அவள் வாங்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வருவேன்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் ரஞ்சினி